நாலாவது சீசனில் என் குரல்

'ஏழாம் வார்டு' நாலாவது சீசன் வெளியான அன்று காலை எங்கள் தெரு முழுக்க என் குரல் கேட்டது. எனக்குக் குரல் போய் அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தறி ரூமில் என் நைனாவின், அதாவது அப்பாவின், போனிலிருந்து நான் பேசினேன். பக்கத்து வீட்டிலிருந்து அதே வசனத்தைக் கொஞ்சம் பின்தங்கிப் பேசினேன். எதிர் வீட்டில் சட்டசபையில் நின்றுகொண்டு யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரிப்பவள் கண்ணைத் துடைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அது ஒரு வசதி.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் துர்காதேவி. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம். தொழில் டப்பிங், அதாவது அடுத்தவர் வாய்க்கு என் குரலைக் கொடுப்பது. 'ஏழாம் வார்டு' போனில் வரும் அரசியல் தொடர். பொற்கொடி என்று ஒரு பெண், குடிதண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ஆரம்பித்து வார்டு கவுன்சிலராகி, எம்எல்ஏவாகி, மூன்றாவது சீசன் முடிவில் மந்திரியாகிறாள். நடித்தது பம்பாய்ப் பெண். நல்ல நடிகைதான். ஆனால் அவளுக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்' மட்டும், அதையும் அவள் சொன்னால் திட்டுவது போல இருக்கும். அவள் வாயை அசைத்தாள், நான் பேசினேன். மூன்று சீசனும் அப்படித்தான்.

வேறு ஊரில் என்றால் இந்த மாதிரிக் குரல் கொடுப்பவளை ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பாளையத்தில் நிலைமை தலைகீழ். இங்கே யாரும் தொடரைப் பார்ப்பதில்லை, கேட்பார்கள். தறியில் உட்கார்ந்தால் கண் இழையை விட்டு நகரக்கூடாது. அதனால் தறிக்கம்பத்தில் ஒரு ஆணி அடித்து, ஒரு மஞ்சப்பையில் போனைப் போட்டுத் தொங்கவிட்டு, சத்தத்தை முழுசாக வைத்துவிடுவார்கள். பொற்கொடியின் மேடைப்பேச்சை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிற ஆட்கள் இங்கே உண்டு. அந்த பம்பாய்ப் பெண் நேரில் வந்து நின்றால், சேலை எடுக்க வந்த வெளியூர்க்காரி என்று நினைத்துக் கடையைக் காட்டி அனுப்பியிருப்பார்கள். அவர்களுக்குப் பொற்கொடி என்றால் நான்தான்.

பால் வாங்கப் போனால், "கவுன்சிலரம்மா வருது, வழி விடுங்கப்பா" என்பார்கள். இரண்டாவது சீசனில் பொற்கொடி ஒரு கட்சி மாறிய ஆளை மன்னித்துவிட்டாள் என்று என்னிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் மாணிக்கவேல் மாமா. அவர்தான் நைனாவுக்குக் கோர்வை போடுகிறவர். கரையையும் உடம்பையும் தனித்தனி நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நைனா சேலை உடம்புக்கு நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார், மாமா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஓட்டுவார். கை வேலையைப் பார்க்கும், வாய் அரசியலைப் பார்க்கும்.

நைனாவின் பெயர் திருஞானசம்பந்தம். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டாள். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, அதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் நானும் நைனாவும்தான். ஸ்டுடியோவுக்கு வடபழனி வரை போய் வர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். ஆனாலும் நான் அங்கே ரூம் எடுக்கவில்லை. ராத்திரி வந்து, அன்றைக்குப் பேசிய வசனத்தை நைனாவுக்கு ஒரு முறை பேசிக் காட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஊர் கேட்பதற்கு ஆறு மாதம் முன்னாடியே பொற்கொடி என்ன பேசப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஒருவரிடமும் சொல்ல மாட்டார். மாணிக்கவேல் மாமா கெஞ்சுவார், அப்போதும் சொல்ல மாட்டார்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. கெட்ட கட்டி. எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. பேச வாயைத் திறந்தால் காற்று வரும். அந்தக் காற்றிலேயே உதட்டை அசைத்து ஏதோ சொல்லலாம். பக்கத்தில் காதை வைத்தால் புரியும். நைனாவுக்கு அதுவும் வழியில்லை. ஐம்பது வருஷத் தறிச் சத்தத்தில் அவர் காது பாதி மந்தம். போனைக் காதோரம் தொங்கவிட்டுச் சத்தத்தைக் கூட்டினால் கேட்கும். என் காற்று கேட்காது.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரிடம் நைனா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டர் சலிப்பில், "வரவே வராதுன்னு சொல்ல முடியாதுங்க. பயிற்சி பண்ணட்டும், பாப்போம்" என்றார். டாக்டர்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இப்படி ஏதாவது சொல்லி வைப்பார்கள். நைனா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை தோறும் நான் சென்னைக்குப் பயிற்சிக்குப் போனேன். திரும்பி வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். "வரும்மா. அவசரம் இன்னா" என்பார்.

படுக்கையில் இருந்தபோது ஸ்டுடியோவிலிருந்து ஜோசுவா வீடியோவில் கூப்பிட்டான். சவுண்டு வேலை பார்க்கிற பையன், என்னை அக்கா என்பான். "அக்கா, நாலாவது சீசன் எடிட்டிங் முடிஞ்சு லாக் ஆயிடுச்சு. வேற வாய்ஸ் போட டைரக்டருக்கு இஷ்டம் இல்ல. உங்க பழைய ரெக்கார்டிங் வச்சு மேனேஜ் பண்ணிக்கலாமான்னு கேக்கறாங்க. டைட்டில்ல உங்க பேர்தான் வரும்" என்றான். பொற்கொடியை இன்னொருத்தி பேசமாட்டாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. சந்தோஷமாகத் தலையாட்டினேன். பழைய ரெக்கார்டிங்கை ஒரு மெஷினுக்குத் தின்னக் கொடுப்பார்கள், அது என் குரலைக் கற்றுக்கொண்டு எதை எழுதிக் கொடுத்தாலும் பேசும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வெங்காயம் உரித்த அன்று, நான் பேசாத வசனத்தை என் குரலில் கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்று முதல் எபிசோடு பாதியில் தறிச் சத்தம் நின்றது. நைனா அடுக்களை வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்போ போய்ப் பேசிட்டு வந்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

நான் தலையாட்டினேன். இல்லை, இல்லை என்று கையையும் ஆட்டினேன்.

"சரி சரி. சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. கட்சி ரகசியம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்திச் சொல்ல மனம் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடு கல்யாண வீடாகிவிட்டது. மாணிக்கவேல் மாமா ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். பின்னாலேயே நாலு வீட்டுப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: ஏதாவது பேசு. நான் வாயைத் திறந்து காற்றைக் காட்டினேன். ஒருத்தியும் நம்பவில்லை. காலையிலிருந்து அவரவர் காதால் கேட்டிருக்கிறார்களே.

அப்போது மாணிக்கவேல் மாமா, நல்ல எண்ணத்தில்தான், ஒரு விளக்கம் கொடுத்தார். "விடுங்கம்மா. டாக்டரு வீட்ல பேசக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. இருக்கற கொஞ்சம் குரலை தொழிலுக்குன்னு எடுத்து வெச்சிக்கினு இருக்குது பொண்ணு. நாம பேசச் சொல்லித் தொல்லை குடுக்கக்கூடாது."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, என்னைத் தொல்லை செய்யாமல் போனார்கள்.

இதற்கு நடுவில் உலகம் பூராவும் நாலாவது சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் படித்தேன், பார்த்தேன். முதலில் எரிச்சலில் படித்தேன். பிறகு ஒரு காரணத்தோடு படித்தேன், அதைச் சொல்கிறேன்.

பார்வையாளர்களுக்கு சீசன் பிடிக்கவில்லை. அதில் ஒளிவுமறைவு இல்லை. "மூணாவதோட நிறுத்தியிருந்தா கோயில் கட்டியிருப்போம்" என்று ஒருவர். "நம்ம பொற்கொடிய கெடுத்துட்டானுங்க. குழாயடியில நின்னவ இப்ப ஏசி ரூம்ல உக்காந்து பேசறா" என்று ஒருவர். "அழ வேண்டிய எடத்துல அழுகை வரல, கைதட்ட வேண்டிய எடத்துல கை வரல, ஏன்னு தெரியல" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளை எனக்குப் பிடித்தது. ஏன் என்று எனக்குத் தெரியும் தாயே என்று போனைப் பார்த்துச் சொன்னேன், காற்றாக. ஆனால் அவள் அடுத்த வரியில் குற்றத்தை மியூசிக் டைரக்டர் தலையில் போட்டுவிட்டாள். மற்றவர்கள் டைரக்டரைத் திட்டினார்கள், கதையைத் திட்டினார்கள், நடிகை மெலிந்துவிட்டதால் மந்திரி மாதிரி இல்லை என்றார்கள். குரலை ஒருவரும் திட்டவில்லை.

விமர்சகர்கள் வேறு கட்சி. அவர்களுக்கு நாலாவது சீசன்தான் பொற்காலம். முந்தைய சீசன்கள் கைதட்டலுக்காக எடுத்தவை, இதுதான் அதிகாரம் ஒரு மனுஷியை என்ன செய்கிறது என்று நேர்மையாகச் சொல்கிறது என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். அதில் ஒருவர் குரலையும் விடவில்லை. நிறையப் படிப்பவர்கள் மதிக்கிற ஆள். "பொற்கொடிக்குக் குரல் கொடுத்திருக்கும் துர்காதேவியின் வளர்ச்சி வியக்க வைக்கிறது. முதல் மூன்று சீசன்களில் இருந்த மூச்சிரைப்பும் தழுதழுப்பும் மறைந்து, மூச்சைக்கூட வீணாக்காத ஒரு நிதானம் வந்திருக்கிறது. பதவி ஏற ஏற ஈரம் வற்றுவதைக் குரலிலேயே காட்டிவிட்டார்" என்று எழுதியிருந்தார்.

மூச்சை வீணாக்கவில்லையாம். அதற்கு மூச்சே கிடையாதே ஐயா. பொற்கொடிக்குக் கோபம் வரும் முன் நான் ஒரு மூச்சை இழுப்பேன். அந்த மூச்சிலேயே நைனாவுக்குத் தெரிந்துவிடும், மாமாவைப் பார்த்து, "வருது பார் இப்போ" என்பார். இந்த மெஷின் மூச்சு வாங்காமல் முழு சட்டசபை உரையையும் படித்துவிட்டுப் போகிறது. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். கோபத்தில் பாதி, மீதி என்ன என்று தெரியவில்லை.

நைனா விமர்சனம் எதையும் படிக்கவில்லை. அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் இரண்டு நாள் பெருமை. அதன் பிறகு ஆறாவது எபிசோடு வந்தது.

அதில் பொற்கொடி மந்திரி காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஏழாம் வார்டில் தனக்கு முதன்முதலில் போஸ்டர் ஒட்டிய கிழவனைப் பார்க்கப் போகிறாள். அவன் சாகக் கிடக்கிறான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசுகிறாள். சாப்பிட்டாயா, யார் பார்த்துக்கொள்கிறார்கள், உன்னை விட்டுவிட்டுப் போனேனே என்று. இந்த சீனைத்தான் எல்லோரும் அதிகம் திட்டினார்கள். பார்வையாளர்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. விமர்சகர்களோ, கண்ணீர் வரவிடாமல் எடுத்ததுதான் கலை என்றார்கள்.

அந்த சீனுக்கு அழுத ஒரே ஆள் என் நைனாவாகத்தான் இருக்கும்.

நான் டீ எடுத்துக்கொண்டு தறி ரூமுக்குள் போனபோது அவர் நாடாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மாணிக்கவேல் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் நான் அந்தக் கிழவனிடம் கொஞ்சிக்கொண்டிருந்தேன். நைனா எழுந்து போனை அணைத்தார்.

"எவனோ ஒரு கெழவன். அவனுக்கு அவ்ளோ பேச்சு" என்றார். "கையைப் புடிச்சிக்கினு, சாப்ட்டியா கீப்ட்டியான்னு. இங்க ஒருத்தன் ஒரு வருசமா உன் வாயையே பாத்துக்கினு உக்காந்திருக்கறேன். எனக்கு நைனான்னு ஒரு வார்த்தை இல்லியாம்மா?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் காதில் வாயை வைத்து, அது நான் இல்லை என்று சொன்னேன்.

"இன்னா சொல்றே? காத்துதான் வருது" என்றார். "மெட்ராசுல வர்ற குரலு, வீட்டுக்குள்ள வந்தா காத்தாப் பூடுதா?"

போனை எடுத்து எழுதிக் காட்டினேன். "அது மெஷின் நைனா. என் பழைய குரலை வைத்து மெஷின் பேசுகிறது." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜரிகையில போலி இருக்குது, பட்டுல போலி இருக்குது. நான் பாத்திருக்கறேன். தொண்டையில எப்பிடிம்மா போலி இருக்கும்? நான் பெத்த பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?"

மாமா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். நைனா கையைக் காட்டி நிறுத்தினார். "தொழிலுக்குன்னு எடுத்து வெச்சிக்கட்டும். நான் வேணாங்கல. என்னை முட்டாளாக்கி, மெஷினு பேசுதுன்னு எழுதிக் காட்டுதே, அதுதான் தாங்கல. நீ பேசற அன்னைக்கு நானும் பேசறேன்."

சொன்னபடி அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மாமாவிடம் சொல்வார், மாமா என்னிடம் சொல்வார். சாப்பாட்டை மூடி வைத்தால் சில நாள் பாதி சாப்பிடுவார், சில நாள் தொடமாட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார். ஆனால் போன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நாலாவது சீசனை முடித்ததும் திரும்ப முதலிலிருந்து வைத்தார். அது முடிந்ததும் மறுபடியும். காலையில் நான் கோலம் போடும்போது அமைச்சரவைக் கூட்டத்தில் பேசுவேன், மத்தியானம் பாத்திரம் துலக்கும்போது எதிர்க்கட்சித் தலைவரை மடக்குவேன். ஆறாவது எபிசோடு வந்தால் மட்டும் நைனா எழுந்து அதைத் தாண்டி வைப்பார். இரண்டு ஊமைகள் இருக்கிற வீட்டில் நாள் முழுக்க என் குரல்தான்.

எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. என்னைத் தவிர இன்னொரு ஆள், குரல் தெரிந்த ஆள், 'இது துர்காதேவி இல்லை' என்று எங்காவது ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதை நைனாவிடம் காட்டுவேன். பார், ஊரான் ஒருத்தன் கண்டுபிடித்திருக்கிறான் என்பேன். இதற்காகத்தான் விமர்சனங்களைத் தேடித் தேடிப் படித்தேன். இவ்வளவு பேர் இவ்வளவு குறை சொல்கிறார்களே, ஒருத்தருக்குமா அந்தக் குறை படவில்லை?

ஒரே ஒருவர் எழுதியிருந்தார். "வாய்ஸ் ஏதோ ஒரு மாதிரி இருக்கே, எனக்கு மட்டும்தானா?" அவருக்குக் கீழே ஒருவர், "ஸ்பீக்கரை மாத்துங்க பாஸ்" என்று பதில் போட்டிருந்தார். அவரும், "ஆமா பாஸ், பழைய ஸ்பீக்கர்தான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பழைய ஸ்பீக்கரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு நைனாவிடம் போக முடியுமா?

நானே எழுதினேன். நான்தான் துர்காதேவி, எனக்குக் குரல் போய்விட்டது, அது மெஷின் என்று. "நான்தான் பொற்கொடி, எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று ஒருவர். "அக்கா நம்பிட்டோம்" என்று ஒருவர். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. அந்த மதிப்பான விமர்சகருக்குத் தனியாக எழுதினேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார். தொழில்நுட்பத்தின் பங்கு இருக்கலாம், ஆனாலும் அடிப்படை உங்களுடையது; கலைஞர்கள் தங்கள் சிறந்த படைப்பைத் தாங்களே மறுப்பது புதிதல்ல; உங்கள் அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் அவருக்கு எழுத எனக்குத் தெம்பில்லை.

யோசித்துப் பார்த்தபோது எனக்கே ஒன்று புரிந்தது. இத்தனை பேர் காதையும் ஏமாற்றிய மெஷினை எழுத்தால் மறுக்க முடியாது. மெஷினையே பேச வைத்துக் காட்ட வேண்டும். பொற்கொடி பேசமுடியாத ஒன்றை, நைனாவுக்கு மட்டும் உள்ள ஒன்றை, அது பேச வேண்டும். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க, என் குரல் போனிலிருந்து வர வேண்டும். அப்போதாவது நம்புவார்.

ஜோசுவாவுக்கு எழுதினேன். "என் குரலில் இதைப் பேசவைத்து அனுப்பு: நைனா, சாப்ட்டியா?" குரல் இருந்தபோது ஸ்டுடியோவிலிருந்து தினமும் மத்தியானம் நான் போனில் கேட்ட கேள்வி அது.

ஜோசுவா ரொம்ப நேரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டான். "அக்கா, ஸாரிக்கா. இப்படி ஆகும்னு நெனக்கல. டெக்னிக்கலா அது உங்க வாய்ஸ்தான்னு சொல்லிட்டாங்க, நானும் சும்மா இருந்துட்டேன்" என்றான். அவன் குரல் உடைந்தது. எனக்கு அவன்மேல் இருந்த கோபம்கூட அப்போது எங்கோ போய்விட்டது. "அனுப்பறேன்கா. ஒரே ஒரு விஷயம். நைனான்ற வார்த்தை டேட்டால எங்கயுமே இல்ல. பொற்கொடிக்கு அப்பா கேரக்டரே கெடயாதுல்ல. மெஷின் அதுவா கெஸ் பண்ணித்தான் சொல்லும். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் மாணிக்கவேல் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். நைனா தறியிலேயே உட்கார்ந்து ஒரு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். காலையில் வைத்த இட்டிலி மூடியபடியே இருந்தது. நான் போய் அவர் போனை அணைத்தேன். நிமிர்ந்து முறைத்தார். அவர் பக்கத்தில், மாமா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். என் உதட்டை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் என் போனை அவர் காதோரம் வைத்து அமுக்கினேன்.

"நைனா, சாப்ட்டியா?"

நைனாவின் விரலிலிருந்து இழை நழுவியது. என் வாயைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நான் மறுபடி அமுக்கினேன். அதே இரண்டு வார்த்தை, அதே ஏற்றம், அதே இறக்கம்.

"இது நீ இல்ல" என்றார்.

நான் வேகமாகத் தலையாட்டினேன்.

"நீ நைனான்னா இப்பிடி வராது. நீ இழுப்பே. சின்னதுல இருந்து இழுத்துத்தான் கூப்புடுவே. இது யாரோ கூப்புடறாப்பல இருக்குது." அவர் என் விரலைப் பிடித்து உதட்டிலிருந்து மெல்ல எடுத்தார். "அப்ப அந்த பொற்கொடி... அதுவும் நீ இல்லியா? அந்தக் கெழவங்கிட்ட பேசினது?"

இல்லை என்று தலையசைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது உண்மை. இத்தனை விமர்சகர்கள், இத்தனை ஆயிரம் பார்வையாளர்கள், ஒருத்தருக்கும் தெரியாதது என் நைனாவுக்கு இரண்டு வார்த்தையில் தெரிந்துவிட்டது.

அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் கோபித்துக்கொண்டிருந்த வரையில் அவருக்கு ஒரு மகள் எங்கோ பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசாத நன்றி கெட்ட மகள்தான், ஆனால் குரல் இருக்கிற மகள். என்றைக்காவது மனம் இரங்கி அவரிடம் பேசுவாள். அவளை நான் இப்போது போனை அமுக்கிக் கொன்றுவிட்டேன். அது எனக்கு முன்பே தோன்றியிருந்தால், அவர் சாகும் வரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டிருப்பேன்.

"அப்போ இனிமே வராதா?" என்றார்.

இத்தனை நாள் இந்தக் கேள்விக்கு உதட்டைப் பிதுக்கி வந்தவள்தான் நான். அன்று அவர் கண்ணைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினேன்.

நைனா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முழங்காலில் கையை வைத்தேன், அவர் எழுந்து போகவில்லை. வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தி, மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இன்னொரு தபா போடு" என்றார் நைனா.

எனக்குப் புரியவில்லை. இது மெஷின் என்று கையைக் காட்டினேன்.

"தெரியுது. போடும்மா."

அமுக்கினேன். யாரோ கூப்பிடுவது போல அது கூப்பிட்டது. "நைனா, சாப்ட்டியா?"

நைனா கண்ணை மூடிக்கொண்டு, முன்பு மத்தியானம் என் போன் வந்தால் பேசிய அதே சத்தத்தில், "சாப்ட்டேம்மா. நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

அதற்கு மேல் போனில் ஒன்றும் இல்லை. அவர் காதை அதன் பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். சாப்பிட்டேன் என்று நான் தலையாட்டினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.